திருப்பி அனுப்பிய சங்கிலி

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய பெரியக்காவுக்கு,

மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் பாய்லர் பொறுப்பாளர் எழுதுகிறேன். பெயரைச் சொன்னால் யாரென்று யோசிப்பீர்கள். முதுகுக்குப் பின்னால் நீங்கள் எல்லாரும் 'கப்பல்' என்று கூப்பிடுவீர்களே, அந்த ஆள்தான். எனக்கு அது முதல் வாரமே தெரியும்.

வேலையிலிருந்து நீக்கிய அன்று உங்கள் அலமாரியைக் காலி செய்யாமலே போய்விட்டீர்கள். பூட்டை உடைத்து உள்ளே இருந்ததைக் குப்பையில் போடப் பார்த்தார்கள். நான் வாங்கி வைத்தேன். மூக்குக் கண்ணாடி ஒன்று, எவர்சில்வர் டம்ளர் ஒன்று, ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, நூல்கண்டு இரண்டு. வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் உங்கள் மகள் வீட்டு முகவரி கிடைத்தது. பார்சல் இத்துடன் வருகிறது. சரிபார்த்துக்கொள்ளவும்.

நீராவி பட்ட ஃபிட்டர், வார்டிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு கையிலும் கட்டு இருக்கிறது. பார்வைக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னதாகக் கேள்வி.

நடந்தது வருந்தத்தக்கது. விசாரணையின் முடிவு நிர்வாகம் எடுத்தது. அதில் எனக்குப் பங்கில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாய்லர் பொறுப்பாளர்


பிப்ரவரி 16

கப்பல் சாருக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள், தெரியும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், இனி மறைப்பானேன். அந்தப் பெயரை வைத்தது நான்தான். வந்த முதல் நாளே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு துணி மூட்டைகளை அணிவகுப்புப் பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

பார்சல் வந்தது. கண்ணாடியைத் துடைத்து, தாளில் சுற்றி அனுப்பியிருந்தீர்கள். பத்தொன்பது வருடம் கூட வேலை பார்த்தவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அஞ்சு மாதம் முன்னால் வந்த நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். விசாரணையிலும் நீங்கள் ஒருவர்தான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதை மறக்க மாட்டேன்.

சார், நான் ஒரு மனுஷனை நீராவியால் சுட்டுவிட்டேன். காலையில் கண் விழித்ததும் இதுதான் முதலில் வருகிறது. அன்றைக்கு ஏழு மணிக்கு ஷிஃப்டுக்குள் நுழைகிறேன், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து துணி எங்கே என்று மூன்று போன். நீராவியில் சூடாகிற இஸ்திரி உருளை ஜில்லென்று கிடக்கிறது. நீராவி வால்வு மூடியிருந்தது. தினமும் திறக்கிற வால்வுதானே. கைப்பிடியில் ஏதோ சிவப்பாக ஓர் அட்டை தொங்கியது. அந்தக் கைப்பிடியில் என்னதான் தொங்காது? சாப்பாட்டுப் பை தொங்கும், துண்டு தொங்கும். எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிட்டர் அதே குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் போட்ட சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது.

அக்கம்பக்கத்தில் நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்ததாக என் மகள் சொல்லி வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை தங்கமானவர், ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் நேற்று அவர் சட்டையைத் தேய்க்க இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தேன், உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அப்படியே வைத்துவிட்டேன்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். அந்த அட்டையில் என்னதான் எழுதியிருந்தது? நான் போய்ப் பார்த்தால் ஃபிட்டர் வாசலில் நிற்க விடுவாரா? நீங்கள் கேட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும். போனில் வேண்டாம், எனக்கு அழுகை முந்திக்கொள்ளும்.

பெரியக்கா


பிப்ரவரி 27

பெரியக்கா,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வேலை அதிகம்.

அட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடற்படைக் கப்பலில் இன்ஜின் அறையில் இருபத்தொரு வருடம் இருந்தேன். ஒரு வால்வை மூடி, அதற்கு அப்பால் ஆள் வேலை செய்தால், அந்த வால்வில் சிவப்பு அட்டை தொங்கும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். கேப்டனே வந்தாலும் தொட மாட்டார். கொதிக்கிற குழாய்களுக்கு நடுவே அந்த அட்டையை நம்பி நான் படுத்து வேலை பார்த்திருக்கிறேன். யாரும் தொட்டு ஒருநாளும் பார்த்ததில்லை. சர்வீஸ் முடிந்து இறங்கும்போது ஒரு கட்டு அட்டையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டுத்தான். எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

வெளியே வந்து ஒன்பது மாதம் வேலை தேடினேன். ஓரிடத்தில், "பீரங்கி சுடுவீங்களா?" என்று கேட்டார்கள். இன்ஜின் பார்ப்பேன் என்றேன். "அப்ப டிரைவரா?" என்றார்கள். கப்பல் சான்றிதழ் கரையில் செல்லாது என்று சொல்லிவிட்டதால், என்னில் பாதி வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பாய்லர் பரீட்சை எழுதினேன். நாற்பது பேருக்கு உத்தரவு போட்டவன் ஹால் டிக்கெட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் உங்கள் மருத்துவமனை கிடைத்தது. வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து அந்த அட்டைகளை எடுத்து என் மேசையில் வைத்தேன்.

அட்டையில் எழுதியிருந்தது ஆங்கிலம். 'திறக்காதே, ஆள் வேலையில்' என்று பொருள். கீழே ஒரு எண்ணும் என் கையெழுத்தும். சலவைக்கூடத்தில் இதை யாருக்கும் நான் விளக்கிச் சொல்லவில்லை. கப்பலில் சொல்ல வேண்டியிருக்காது.

ஃபிட்டரை இன்னும் பார்க்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாய்லர் பொறுப்பாளர்


மார்ச் 4

கப்பல் சாருக்கு,

கடிதம் படித்தேன். மகளைக் கூப்பிட்டு இன்னொரு தரம் படிக்கச் சொல்லியும் கேட்டேன். பாவம், ரொம்பத்தான் பட்டிருக்கிறீர்கள். டிரைவரா என்று கேட்டவனை நினைத்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் சார், பத்தொன்பது வருடம் மூட்டை பார்த்தவள் நான். கட்டைத் தூக்கும்போதே ஒரு விரிப்பு குறைகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். உங்கள் கடிதத்தில் ஏதோ குறைகிறது.

ஃபிட்டர் உங்கள் ஆள். உங்கள் கீழே வேலை பார்த்தவர். மருத்துவமனைக்குள்ளேயே பன்னிரண்டு நாள் படுத்திருந்தார். சலவைக்கூடத்திலிருந்து வார்டுக்கு நடந்தால் அஞ்சு நிமிஷம். நீங்கள் ஏன் இன்னும் பார்க்கவில்லை? நான் பார்க்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது, முகம் இல்லை. உங்களுக்கு என்ன?

எதையோ மென்று முழுங்குகிறீர்கள். தொண்டையில் மாட்டுவதற்குள் துப்பிவிடுங்கள்.

பெரியக்கா


மார்ச் 11

பெரியக்கா,

இந்தக் கடிதத்தை இதற்கு முன் மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

வார்டுக்குப் போனேன். ஒரு தரம். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் மனைவி ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். காரணம் இதுதான்.

அன்று காலை ஆறரைக்கு வால்வை மூடி அட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். ஃபிட்டர் ஸ்டோரிலிருந்து ஒரு சங்கிலியும் பூட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். "சார், இதைக் கைப்பிடில சுத்திப் பூட்டிட்டு சாவிய என் பாக்கெட்ல போட்டுக்கறேன். இங்க அப்படித்தான் செய்வோம்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏன்யா, என் அட்டை மேல நம்பிக்கை இல்லையா? சங்கிலியெல்லாம் மாட்டுக்குப் போடறது. கொண்டுபோய் வை." இந்த வார்த்தைகள்தான். ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. அவர் திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்து வேலையில் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் நீங்கள் வந்தீர்கள்.

சங்கிலி இருந்திருந்தால் உங்களால் வால்வை அசைத்திருக்க முடியாது. யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

விசாரணையில் அட்டை மாட்டினீர்களா என்று கேட்டார்கள். மாட்டினேன் என்றேன். கழற்றியது யார் என்றார்கள். நீங்கள் என்றேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது இருபத்தொரு வருடப் பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபிட்டரை யாரும் விசாரிக்கவில்லை, படுத்திருந்தார். மூன்று நாளில் கோப்பை மூடி உங்களை அனுப்பிவிட்டார்கள். நான் உங்களைத் திட்டவில்லை என்று நன்றி எழுதினீர்களே, அதைப் படித்த அன்று என்னால் சோறு இறங்கவில்லை.

கப்பலில் எங்களைக் காப்பாற்றியது அட்டை இல்லை, பெரியக்கா. கப்பலில் இருந்த முந்நூறு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிப் படித்தவர்கள், அதனால்தான் யாரும் தொடவில்லை. நான் அட்டையை மட்டும் எடுத்துவந்து முந்நூறு பேரையும் கூட்டி வந்ததாக நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். என் வேலை நிரந்தரமாவது ஏப்ரல் பதினைந்தில். அதன் பிறகு நிர்வாகத்திடம் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இப்போதுதான் நானும் என் மனைவியும் ஒரே வீட்டில் தொடர்ந்து முழுசாக ஒரு வருடம் இருந்திருக்கிறோம். இந்த வேலை போனால் மறுபடி எங்கேயாவது சரக்குக் கப்பலில் ஏற வேண்டும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காகத்தான் சொல்கிறேனோ என்னவோ.

வெட்கமாக இருக்கிறது.

கப்பல்


மார்ச் 15

கப்பல்காரருக்கு,

சார் என்று எழுத வரவில்லை.

நீங்கள் துடைத்து அனுப்பிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. எதற்கய்யா துடைத்தீர்கள்? செருப்பை எதற்கு அனுப்பினீர்கள்? உங்கள் நெஞ்சு குத்தியதற்கு என் டம்ளரா கிடைத்தது? அதற்கு நான் நன்றி வேறு எழுதினேன், மறக்க மாட்டேன் என்று வேறு எழுதினேன். என் மானம் போகிறது.

ஒன்றரை மாதமாக என் பேத்தியை மடியில் தூக்கப் பயப்படுகிறேன். இந்தக் கை பட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று. நீங்கள் அங்கே காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு வேலை நிரந்தரமாகும்வரை நான் ஆளைச் சுட்டவளாக இருக்க வேண்டும், அப்படித்தானே? ஏப்ரல் பதினைந்துக்கு அப்புறம் சொல்லியிருப்பீர்கள் என்று நான் நம்ப வேண்டுமா? பதினாறாம் தேதி இன்னொரு சாக்கு வந்திருக்கும்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். நல்ல வசதியான பழக்கம்தான்.

நான் காசு கேட்கவில்லை. வேலையை வாங்கிக் கொடு என்றும் கேட்கவில்லை. மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காதோடு காதாகச் சொல்லிவிட்டு, சொல்லிவிட்டேன் என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள். காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது இரண்டு ஷிஃப்டும் உருளைக்குப் பக்கத்தில் நிற்கும். என்னைப் போகச் சொன்னது அங்கேதான். அத்தனை பேர் பார்க்க, செருப்பைக்கூட மாற்றாமல் நடந்து போனேன். அங்கே நின்று, எனக்கு எழுதினீர்களே, அதை அப்படியே சொல்லுங்கள். மாட்டுக்குப் போடறது என்பதையும் சேர்த்து.

முடியாவிட்டால் எழுதாதீர்கள். நான் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.


மார்ச் 22

பெரியக்கா,

வெள்ளிக்கிழமை காலை ஏழுக்குச் சொன்னேன்.

இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை எனக்கு. அன்று குரலே வரவில்லை. பாதி சொன்னதும் பின்னால் நின்றவர்கள், "கேக்கல, சத்தமா சொல்லுங்க" என்றார்கள். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. அட்டை, சங்கிலி, மாட்டுக்குப் போடறது, விசாரணையில் வாயை மூடிக்கொண்டது, ஏப்ரல் பதினைந்து, எல்லாம் இரண்டு தரம். யாரும் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று நின்றேன். காயவைக்கிற பகுதியில் இருக்கும் உங்கள் சிநேகிதி மட்டும் கேட்டார்: "இதைச் சொல்றதுக்கு ரெண்டு மாசமா?" ஆமாம் என்றேன்.

எட்டரைக்கு மேனேஜர் கூப்பிட்டார். "மூடின கோப்பை ஏன்யா கிளறுறீங்க? ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு மரியாதையா போயிடுங்க" என்றார். ராஜினாமா வேண்டாம், கவனக்குறைவால் நீக்கம் என்று உங்களுக்குக் கொடுத்தது போலவே கொடுங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார்கள். உங்கள் விஷயத்தை மறுபடி பார்ப்பதாகச் சொல்கிறார்கள். முப்பது பேர் கேட்டுவிட்ட பிறகு அவர்களுக்கும் வேறு வழியில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அழவில்லை. "செஞ்சது சரிதான். அன்னைக்கே செஞ்சிருந்தா அந்த அம்மாவுக்கும் வேலை இருந்திருக்கும், ஒருவேளை உங்களுக்கும் இருந்திருக்கும்" என்றாள்.

சாயங்காலம் ஃபிட்டர் வீட்டுக்குப் போனேன். வாயைத் திறந்ததும் அழுதுவிட்டேன். இத்தனை வயதில், இன்னொருத்தர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து. அவர்தான் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் போகலாம். வாசலில் நிறுத்துகிற ஆள் இல்லை அவர்.

கப்பல்


மார்ச் 30

கப்பல் சாருக்கு,

என் சிநேகிதி எல்லாவற்றையும் போனில் சொன்னாள். நீங்கள் இரண்டு தரம் சொன்னதையும் சொன்னாள். மருத்துவமனையிலிருந்து எனக்கு ஓலை வந்திருக்கிறது, முதல் தேதியிலிருந்து வரச் சொல்லி. வருகிறேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். எழுதினால் பொய். ஆறுமா என்று எனக்கே தெரியவில்லை, ஆறினால் சொல்கிறேன்.

இந்தக் கடிதம் அதற்கில்லை. நேற்று ஃபிட்டர் வீட்டுக்குப் போனேன். படி ஏறும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அட்டையைக் கழற்றியது என் கை, சார். சங்கிலி இல்லாதது உங்கள் தப்பு, புரியாத ஒன்று வால்வில் தொங்கும்போது யாரையாவது கேட்காதது என் தப்பு. அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். அதைச் சொல்லத்தான் போனேன். உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி, என் பத்தொன்பது வருடம், என் தூக்கம், என் பேத்தி என்று ஒரு மணி நேரம் புலம்பித் தீர்த்தேன்.

அவர் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "போன வாரம் கப்பல் வந்து அழுதுட்டுப் போச்சு. இப்ப நீங்க. ரெண்டு பேருக்கும் நான்தான் தண்ணி குடுத்து சமாதானம் பண்ணி அனுப்பறேன். விசாரணைலயும் என்னை யாரும் கேக்கல. என் கை எப்படி இருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தராவது கேட்டீங்களா?"

எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன், நீங்களும் கேட்கவில்லை. மாதக்கணக்காக நீங்களும் நானும் யார் தப்பு யார் தப்பு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அவர் கையைப் பற்றி முதல் கடிதத்தில் ஒரு வரி. அதுவும் கேள்விப்பட்டதாக.

அவரிடம் அங்கேயே கேட்டேன். காட்டினார். வலது கை தேறிவிட்டது. இடது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. தோல் இழுத்துப் பிடித்திருக்கிறது. ஸ்பேனரைப் பிடித்தால் நழுவுகிறது. சட்டைப் பட்டன் போட வரவில்லை. மனைவி ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவதால் பட்டன் இல்லாத பனியனோடு வீட்டிலேயே இருக்கிறார். வாரம் மூன்று நாள் ஒன்பது மணிக்குக் கைப்பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கூட்ட பஸ்ஸில் யாராவது இடித்துவிடுவார்களோ என்று பயந்து பாதி நாள் போவதில்லை. போனால்தான் விரல் மடங்குமாம். ஆறு மாதத்துக்குள் மடங்காவிட்டால் அப்புறம் இல்லையாம்.

முதல் தேதியிலிருந்து எனக்குக் காலை ஷிஃப்ட். உங்களுக்கு இப்போது வேலை இல்லை. பயிற்சி திங்கள், புதன், வெள்ளி. பஸ்ஸில் அவருக்குத் துணைக்கு ஆள் வேண்டும். போங்கள். அழாமல் போங்கள்.

பெரியக்கா


ஏப்ரல் 3

பெரியக்கா,

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். பனியனோடு வந்து திறந்தார். "என்ன சார், திரும்பவும் அழ வந்தீங்களா?" என்றார்.

இல்லை, கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நிறுத்தி வைத்தே சொன்னார். முதல் வாரம் எப்படி எரிந்தது, கட்டுப் பிரிக்கும்போது எப்படித் தோல் கூடவே வந்தது, எந்த விரலில் உணர்ச்சி இருக்கிறது, எந்த விரலில் இல்லை, குழந்தை தலையைத் தடவினால் முடி தெரியவில்லை என்பது வரை. அரை மணி நேரம் இருக்கும். நடுவில் ஒரு தரம், "சங்கிலிய நான் கொண்டுவந்தேனே சார்" என்றார். ஆமாம், கொண்டுவந்தீங்க என்றேன். நான் அவரை 'நீங்க' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

அப்புறம் உள்ளே போய் ஒரு சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் பட்டனைப் போட்டேன். மூன்றாவது பட்டனை வேறு துளையில் மாட்டி, கழற்றி மறுபடி போட்டேன். "மெதுவா போடுங்க, பஸ்ஸுக்கு நேரம் இருக்கு" என்றார்.